மணமில்லாத மெசின்

ஜூன் 2, திங்கள்

சோளகக் காற்று. விடிய ஐந்து மணிக்கே தொடங்கிவிட்டது. கொட்டிலின் மேற்குப் பக்கம் தறப்பாள் கட்டியும் பயனில்லை, வாயில் மண்.

குணம் அண்ணையின் ஹயர் வான் கழுவ வந்திருக்கிறது. கதிர்காமம் போய் வந்தது. ஆறு நாள், பதினான்கு பேர். சீற்றுகளுக்கு அடியில் இருந்து எடுத்தவை: கோழி எலும்பு, கைக்குழந்தையின் பம்பர்ஸ் இரண்டு (ஒன்று திறந்தபடி), பாதி தின்ற மாம்பழம், பல்லுக் கட்டு ஒன்று, சப்பித் துப்பிய வெற்றிலை, வயிற்றில் இருந்ததைச் சத்தி எடுத்து முடிச்சுப் போட்ட பை நான்கு. ஐந்தாவது பை முடிச்சுப் போடாதது. டாஷ்போர்ட் முழுக்கச் சந்தனம், அதன் மேல் விபூதி, அதன் மேல் புழுதி. சாமி கும்பிடப் போன சனம்.

எனக்கு அருவருப்பு அதிகம். சின்னனில் இருந்தே. அதனால்தான் இந்தக் கார் கழுவும் தொழில் என்று சொன்னால் ஒருவரும் நம்புவதில்லை. ஊத்தையைப் பார்த்தால் இருக்க முடியாது, எடுத்து எறிந்தால்தான் மூச்சு வரும். நாளுக்கு மூன்று தரம் குளிப்பு. ஆனால் கைக்குள் ஷாம்பு மணம் ஏறிவிடும், அது மட்டும் போகாது.

பத்து மணிக்கு மருத்துவிச்சி மிஸி வந்தா. என் மனிசி வதனியைத் தராசில் ஏற்றினா. 44. பிள்ளை தங்கியபோது 48 கிலோ. கர்ப்பம் இப்போது ஒன்பதாம் கிழமை, இரண்டு மாதம் தாண்டிவிட்டது.

"நாப்பத்திமூண்டுக்குக் கீழை போனால் வார்ட்டிலைதான் படுக்க வேணும், பிள்ளை. சேலைன் ஏத்தாமல் ஏலாது. என்னத்தைக் கண்டால் கூடச் சத்தி வருது?"

வதனி என்னைப் பார்த்தாள். பிறகு நிலத்தைப் பார்த்தாள்.

"இவரின்ரை அந்தக் கார் ஷாம்பு மணம், மிஸி."

மிஸி என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை. அந்த ஐந்தாவது பையை நான் பார்த்த பார்வை.

போன தடவை பத்தாம் கிழமையில் போயிற்று. கலியாணம் கட்டி ஒன்பது வருடம். ஷாம்பு மணத்தால் ஒரு பிள்ளை போனால் நான் உயிரோடு இருக்கத் தேவையில்லை.


ஜூன் 3, செவ்வாய்

வேலை இல்லை. குப்பை மட்டும் எடுத்த வானைக் கதவு திறந்து காய விட்டிருக்கிறது. காலை முழுக்கப் போனில் வீடியோ. ஷாம்பு இல்லாமல் நீராவியால் காரின் உட்புறம் கழுவலாம். வெறும் தண்ணீர், வெறும் சூடு. கிருமியும் சாகுமாம், மணமும் போகுமாம்.

வீடியோக்காரர்களைப் பார்க்கவே எரிச்சல் பத்துகிறது. சுத்தமான காரைச் சுத்தம் செய்து காட்டுகிறான் ஒருவன். இன்னொருவன் சீற்றில் தானே சோஸ் ஊற்றித் தானே துடைத்துத் தானே சந்தோசப்படுகிறான். கதிர்காமம் போய் வந்த வானை அவனுக்கு அனுப்ப வேண்டும்.

இருந்தும் சிலது பிடிபட்டது. ஈர ஆவி சரிவராது, சீற் பஞ்சு நனைந்து பிறகு புளித்து மணக்கும். காய்ந்த ஆவி வேண்டும், அதற்கு நல்ல சூடும் அமுக்கமும். கூரைத் துணியில் ஒரே இடத்தில் பிடித்தால் பசை விட்டுத் துணி தொங்கிவிடும். ரேடியோ, சுவிட்சுப் பக்கம் கொண்டே போகக் கூடாது. குழாய் நீளமா, பின் சீற்றுக்கு எட்டுமா. கரண்ட் எவ்வளவு இழுக்கும் (கொட்டிலுக்கு வீட்டிலிருந்து இழுத்த வயர்தான், கிணற்று மோட்டர் போட்டாலே பல்ப் மங்கும்). உதிரிப்பாகம் யாழ்ப்பாணத்தில் உண்டா, அல்லது கொழும்பா.

வதனி: அரை பிஸ்கற், பால் விடாத பிளேன்ரீ ஒரு மிடறு. இரண்டும் பத்து நிமிடத்தில் வெளியே.


ஜூன் 5, வியாழன்

யாழ்ப்பாணம். கடைக்காரர்கள் சோஸ் ஊற்றித்தான் காட்டுவார்கள் என்று தெரியும். ஆகவே கு. அண்ணையின் வானில் இருந்து பின் சீற்றுக் கால்மிதி ஒன்றைக் கழற்றி, புடவைக்கடைப் பையில் சுற்றிக்கொண்டு பஸ்ஸில் ஏறினேன். நெல்லியடியில் ஏறியபோது பக்கத்தில் ஒரு அம்மா. அடுத்த தரிப்பில் எழும்பி நின்றா. அதற்கடுத்ததில் முன் சீற்றும் காலி. யாழ்ப்பாணம் வரை மூன்று பேரின் இடத்தில் நான் ஒருவன், வசதியாக.

கடைக்காரப் பெடியனுக்கு முப்பது வயது இருக்கும். ஷேர்ட்டில் வாசனைத் தைலம், எட்ட நின்றே தெரிந்தது. மூன்று மெசின் இருந்தது.

முதலாவது சின்னது, கைக்குள் அடங்கும். பத்து நிமிடம் ஆவி விடும், முடிந்ததும் ஆறவிட்டுத்தான் திறக்கலாம். கண்ணாடிக்கும் குசினிக்கும் சரி. எனக்கு இது விளையாட்டுச் சாமான்.

இரண்டாவது சிவப்பு. நீல லைற், எட்டு பார் அமுக்கம், தண்ணீரைத் தானே இழுத்து நிரப்பும், நிற்பாட்டாமல் வேலை செய்யலாம். பெடியன் அதைத் தடவித் தடவிக் கதைத்தான்.

மூன்றாவது மேசைக்குக் கீழே, புழுதியோடு. சாம்பல் நிறம், பாரம், பழைய காஸ் சிலிண்டர் மாதிரி. நாலரை பார். கேட்டதற்கு, "உது ஒருத்தரும் எடுக்கிறேல்லை அண்ணை" என்றான்.

நான் பையைப் பிரித்தேன்.

"அண்ணை, அண்ணை, உதை இஞ்சை விரிக்காதேங்கோ. ஏசி ஓடுது."

"ஏசி இருக்கிற இடத்திலைதான் இது நாறும். இதிலை அடிச்சுக் காட்டும் பாப்பம்."

வாசலுக்கு வெளியே வைத்துச் சிவப்பு மெசினால் அடித்தான். முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டு. துடைத்துப் பார்த்தால் பாதி மிதி கறுப்பு, பாதி சாம்பல். சாம்பல்தான் அதன் உண்மை நிறம் என்று எனக்கே அப்போதுதான் தெரியும். குனிந்து மூக்கை வைத்து மணந்தேன். ஒன்றுமில்லை. என் வாழ்க்கையில் இப்படி ஒரு ஒன்றுமில்லையை நான் மணந்ததில்லை.

அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொண்டு, காட்சிக்கு வைத்த சிவப்பை ஐந்து நாளுக்குத் தந்தான். வெளிக்கிடும்போது சொன்னான்:

"பில்டர் தண்ணி மட்டும் ஊத்துங்கோ அண்ணை. கிணத்துத் தண்ணி வேண்டாம்."

"எங்கடை கிணறு நல்ல தண்ணிக் கிணறு தம்பி. கரவெட்டியிலை வந்து கேட்டுப் பாரும். அபிசேகத்துக்கு எங்கடை கிணத்திலைதான் அள்ளுறது."

சிரித்தான். என்னடா சிரிப்பு. உவன் குடிப்பது போத்தல் தண்ணீர், உவனுக்குக் கிணற்றைப் பற்றி என்ன தெரியும்.


ஜூன் 7, சனி

சோளகம் கொஞ்சம் குறைவு. கு. அண்ணையின் வான், சிவப்பு மெசின், எங்கள் கிணற்றுத் தண்ணீர்.

மாமி (வதனியின் தாய், சமையலுக்கென்று வந்து நிற்கிறா) புகையைக் கண்டு கொட்டில் வாசலில் வந்து நின்று பார்த்தா.

"காருக்கும் தடிமனோ தம்பி? ஆவி பிடிக்கிறியள்?"

ஆவி விட்ட கையோடு துவாயால் ஒற்ற வேண்டும், இல்லாவிட்டால் ஊத்தை திரும்பவும் பஞ்சுக்குள் போய்விடும். முதல் துவாய் கறுப்பு. இரண்டாவது பிளேன்ரீ நிறம். மூன்றாவதில் ஏதோ பச்சை, அதை ஆராயவில்லை. ஏசி ஓட்டைக்குள் போன விபூதியும் சந்தனமும் ஆவி பட்டதும் களியாகிவிட்டது. ஈர்க்குச்சியால் நோண்டி எடுத்தேன். பின் பக்கக் கூரைத் துணி உள்ளங்கை அளவுக்குத் தொங்கிவிட்டது, என் பிழை, கொஞ்சம் கூட நேரம் பிடித்துவிட்டேன். அதைக் கு. அண்ணை காணவில்லை. நான் சொன்னேன், சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அவருக்கு வேறு கவலை.

"ஒண்டும் மணக்கேல்லையேடா. ரோஸ் மணம் ஏதும் அடிச்சு விடன்."

"மணக்காததுதானே அண்ணை சுத்தம்."

"சனத்துக்கு அது விளங்காது. மணம் இல்லாட்டில் கழுவேல்லை எண்டு சொல்லுங்கள்."

இதுதான் எங்கள் சனம். ஊத்தையைப் போக்க வேண்டாம், அதன் மேல் ரோஸ் போட்டு மூடிவிட்டால் போதும். மாட்டேன் என்றேன். நெல்லியடியில் தானே ஒரு போத்தல் வாங்கி அடித்துக்கொண்டு போனாராம். போகட்டும்.

குளித்துவிட்டு வதனியின் அறை வாசலில் நின்றேன். என்னைப் பார்த்துச் சிரித்தாள். சத்தி இல்லை. கதைக்கவில்லை, ஆனால் சிரித்தாள். ஒரு மாதத்துக்குப் பிறகு. நான் குசினிக்குப் போய் மாமிக்குத் தெரியாமல் கண்ணைத் துடைத்தேன்.


ஜூன் 9, திங்கள்

எழுதவே வெட்கம்.

ஒரு டொக்டரின் கார். உள்ளே முழுக்கக் கறுப்புத் தோல் சீற். சும்மாவே சுத்தமான மனிசன், லேசான வேலை என்று நினைத்தேன். முன் சீற் முடித்து இரண்டாவதைத் தொடங்க, மெசின் இருமியது. பிறகு துப்பியது. ஆவியோடு வெள்ளை வெள்ளையாகச் செதில். கறுப்புச் சீற் முழுக்க, கதவு முழுக்க, என் தலைமயிரிலும். துடைத்தால் சுண்ணாம்பாக இழுபடுகிறது. பிறகு மெசின் பேசாமல் நின்றுவிட்டது. நீல லைற் மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

குசினிக்குப் போய்க் கேத்திலைத் திறந்து பார்த்தேன். நாளாந்தம் தண்ணீர் கொதிக்க வைத்துக் குடிக்கிற கேத்தில். உள்ளே பிஸ்கற் தடிப்புக்கு வெள்ளைப் பொருக்கு. ஒன்பது வருடமாக அதைக் காண்கிறேன். கேத்தில் என்றால் உள்ளே வெள்ளையாகத்தான் இருக்கும் என்று நினைத்திருக்கிறேன். ஊரெல்லாம் சுண்ணாம்புக்கல், அதற்குள் இறங்கிய கிணறு, அதில் சுண்ணாம்பு இல்லாமல் தேனா வரும்? நாக்குக்கு உப்புக் கரிக்காவிட்டால் நல்ல தண்ணீர் என்று எங்களுக்கு. மெசினுக்கு நாக்கு இல்லை.

மாமி நம்பவில்லை. "உந்த மெசின்தான் கூடாது. எங்கடை தண்ணிக்கு என்ன குறை?" நானும் வியாழக்கிழமை இதையேதான் சொன்னேன், அதே குரலில்.

டொக்டரின் சீற்றை விளக்குமாற்று ஈர்க்காலும் தேசிக்காய்ப் புளியாலும் (சுண்ணாம்பைப் புளிதான் கரைக்கும்) பின்னேரம் வரை ஒவ்வொரு தையலாகத் துடைத்தேன். அவரிடம் உள்ளதைச் சொன்னேன். "உங்கடை சிறுநீரகத்துக்குள்ளையும் கொஞ்சம் இருக்கும், கவனம்" என்றார்.


ஜூன் 10, செவ்வாய்

மெசினோடு திரும்ப யாழ்ப்பாணம். பெடியன் அதைத் தூக்கிக் காதுக்குப் பக்கத்தில் ஆட்டினான். உள்ளே சல்லிக்கல் கிலுங்குகிற சத்தம். என்னை ஏசியிருந்தால் பரவாயில்லை. ஏசவில்லை. "அபிசேகத் தண்ணியோ அண்ணை?" என்று மட்டும் கேட்டான். பாகம் மாற்றும் செலவு என் தலையில், நியாயம்தான்.

சிவப்பைத் திறந்து உள்ளே கழுவ வழி இல்லை. எல்லாம் மூடி ஒட்டியது. எட்டு பார் இருந்தென்ன, நீல லைற் இருந்தென்ன. நான் மேசைக்குக் கீழே காட்டினேன்.

சாம்பல் நிறத்தை வெளியே இழுத்துப் பார்த்தோம். பித்தளை மூடி, உள்ளே கை போகிற அகலம். அடியில் ஒரு திருகு, கழற்றினால் மிச்சத் தண்ணீர் முழுக்க வடிந்துவிடும். புளி ஊற்றி ஊறவிட்டுக் கழுவலாம். சூடேறப் பன்னிரண்டு நிமிடம். தண்ணீர் முடிந்தால் நிற்பாட்டி, ஆறவைத்து, திரும்ப நிரப்ப வேண்டும். குழாய் நல்ல நீளம். கரண்ட் சிவப்பை விடக் குறைவு. உள்ளே ஏதும் பிடித்தால் என் கண்ணுக்குத் தெரியும், கையை விட்டு எடுக்கலாம். எனக்கு அது போதும்.

"உதைத்தான் எடுக்கப் போறியளோ? பாக்கவே வடிவில்லை."

"நானும் வடிவில்லைத்தான். கட்டும்."

திரும்பும் வழியில் பில்டர் தண்ணீர் ஒரு கான். கிணறு வைத்திருப்பவன் தண்ணீர் வாங்குகிறான். ஒழுங்கையில் ஆள் இல்லாத உச்சி வெயிலில் கொண்டுவந்து சேர்த்தேன். அப்படியும் மாமி கண்டுவிட்டா. கிணற்றைப் பார்த்துப் பெருமூச்சு விட்டா.


ஜூன் 12, வியாழன்

பத்தாம் கிழமை முடிந்தது. ஒருவரும் அதைப் பற்றிக் கதைக்கவில்லை. நானும் இங்கே எழுதியதோடு சரி.

சாம்பல் மெசின் நல்ல மெசின். வல்வெட்டித்துறையில் இருந்து ஒரு கார் வந்தது. டிக்கிக்குள் மீன் பெட்டி கவிழ்ந்து நாலு நாள், சொந்தக்காரன் கதவைத் திறந்து வைத்துவிட்டு மோட்டார் சைக்கிளில் போய்விட்டான். பம்பர்ஸைக் கூடத் தாங்குவேன். இதற்கு இரண்டு தரம் கொட்டிலுக்குப் பின்னால் போய் நானே சத்தி எடுத்தேன். மூன்று முறை நிரப்பி, மூன்று முறை ஆறவைத்து, பின்னேரம் நாலு மணிக்கு டிக்கிக்குள் தலையை விட்டு மணந்தேன். வெறும் கார். மீனும் இல்லை, ரோஸும் இல்லை.


ஜூன் 14, சனி

காலையில் ஷாம்பு, வாசனைத் தைலம், மெழுகு எல்லாவற்றையும் பெட்டியில் போட்டுக் கு. அண்ணையிடம் கொடுத்துவிட்டேன். அவருக்குச் சந்தோசம். கொட்டிலில் இனி தண்ணீரும் துவாயும்தான். சவுக்காரமும் போடாமல் இரண்டு தரம் குளித்தேன். தோய்த்துக் காய்ந்த சாரம், தோய்த்துக் காய்ந்த ஷேர்ட். இதைவிட மணமில்லாத ஆம்பிளை இந்த வடமராட்சியில் இருக்க முடியாது.

பதினொரு மணி. வதனி கட்டிலில் இருந்து பாணைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தாள். நான் இந்த முறை வாசலில் நிற்கவில்லை. உள்ளே போய்ப் பக்கத்தில் இருந்தேன்.

பாண் முழுக்க வந்துவிட்டது. பிறகு வெறும் மஞ்சள் தண்ணீர். பிறகு அதுவும் இல்லாமல் உடம்பு மட்டும் குலுங்கியது. மாமி ஓடி வந்து சத்திப் பேசினை வாய்க்கு நேரே பிடித்தா. நான் சுவரோடு போய் நின்றேன்.

"ஷாம்பு இல்லையப்பா. எல்லாத்தையும் குடுத்திட்டன். சவுக்காரம் கூடப் போடேல்லை. பச்சைத் தண்ணியிலை குளிச்சனான்."

வதனி அழுதாள்.

"ஷாம்பு இல்லையப்பா" என்றாள்.

"அப்ப என்ன? துவாயோ? அந்த மீன் காரோ? சொல்லும், நான் மாத்திறன்."

"நீங்கள்."

விளங்கவில்லை. மாமி பேசினைப் பார்த்துக்கொண்டு நின்றா. அவவுக்குத் தெரிந்திருக்கிறது.

"உங்கடை மணம்தான். உடம்பு மணம். முந்தி ஒருநாளும் இப்பிடி இல்லை, இப்பதான். ஷாம்போடை வந்தியள் எண்டால் அது கொஞ்சம் மூடிப்போடும், தாங்கலாம். இப்ப ஒண்டும் இல்லை, நீங்கள் மட்டும்தான் மணக்கிறியள்."

"போன சனிக்கிழமை சிரிச்சனீரே."

"மூச்சைப் பிடிச்சுக்கொண்டு சிரிச்சனான்."

"அப்ப ஏன் மிஸியிட்டை ஷாம்பு எண்டனீர்?"

"வேறை என்னத்தைச் சொல்லுறது? நாளுக்கு மூண்டு தரம் குளிக்கிற மனிசன் நீங்கள். உங்களுக்கு எப்பிடி நான் அதைச் சொல்லுறது?"

வெளியே வந்துவிட்டேன். கிணற்றடியில் இருந்து கையை மணந்து பார்த்தேன். அக்குளை மணந்து பார்த்தேன். காலையில் கழற்றிப் போட்ட ஷேர்ட்டை எடுத்து முகத்தில் பொத்தி மணந்தேன். ஒன்றும் தெரியவில்லை. எல்லாருடைய ஊத்தையும் தெரிகிற மூக்கு. என்னை மட்டும் தெரியவில்லை.


ஜூன் 16, திங்கள்

மிஸி. 43.1.

"கிளினிக்கிலை சொல்லி வைக்கிறன். அடுத்த முறை இருநூறு கிராம் குறைஞ்சாலும் கூட்டிக்கொண்டு போறதுதான்."

ஷாம்பைத் திரும்ப வாங்கினால் என்ன என்று ஒரு நிமிடம் நினைத்தேன். ரோஸ் போத்தல் வாங்கி அடித்துக்கொண்டு நிற்கலாம், கு. அண்ணையின் வான் மாதிரி. இல்லை. சீற்றுக்கு அடியில் இருப்பதை எடுத்து வெளியே போடுவதுதான் என் தொழில்.

பாய், தலையணை, இரண்டு சாரம், சவரச் சாமான், எழுதுகிற இந்தக் கொப்பி. கொட்டிலில் மெசினுக்குப் பக்கத்தில் இடம். வீட்டுக் கதவுக்கும் கொட்டிலுக்கும் கால் எட்டி வைத்து அளந்தால் முப்பத்தாறு எட்டு. காற்று மேற்கில் இருந்து வருவதால் கொட்டிலின் கிழக்குக் கதவைச் சாத்தி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் என் மணம் வீட்டுக்குப் போகும். இதையும் யோசிக்க வேண்டி இருக்கிறது. சீ.

அவளின் அறைக்குள் நான் படுத்த மெத்தை, தலையணை, யன்னல் சீலை எல்லாவற்றையும் மாமி வெளியே போட்டா. சாம்பல் மெசினால் ஒவ்வொன்றாக ஆவி பிடித்தேன். என்னை நானே கழுவி எடுத்தேன். நாலு முறை நிரப்பினேன்.


ஜூன் 20, வெள்ளி

மாமி சாப்பாட்டைக் கொட்டில் வாசலில் வைத்துவிட்டு மூன்று எட்டுப் பின்னால் போய் நிற்கிறா. நாய்க்கு வைப்பது போல. கோபம் வருகிறது, பிறகு புட்டு நல்ல புட்டு.

வதனியோடு கதைப்பது போனில். முப்பத்தாறு எட்டுத் தூரத்துக்கு ஒரு கோல்.

"சாப்பிட்டீரோ?"

"ஒரு இடியப்பம்."

"நிண்டதோ?"

"நிண்டிட்டுது." பிறகு சொன்னாள்: "யன்னலுக்கு நேரை வந்து நில்லுங்கோ, பாக்கிறன். கிட்ட வராதேங்கோ."

மாமரத்துக்குக் கீழே போய் நின்றேன். கை காட்டினாள். பெண் பார்க்கப் போனபோது கூட இவ்வளவு எட்ட நிற்கவில்லை.


ஜூன் 24, செவ்வாய்

வதனி: இரண்டு இடியப்பம், சொதி. பின்னேரம் ஒரு விளாட் மாம்பழம் முழுக்க. சத்தி ஒரு தரம்.

மனதுக்குள் ஒரு பிசாசு: அவள் சாப்பிடச் சாப்பிட எனக்கு அவமானம். இது எவ்வளவு ஊத்தையான நினைப்பு. எந்த மெசினாலும் எடுக்க முடியாது. எழுதி வைக்கிறேன், ஒருவருக்கும் சொல்ல மாட்டேன்.


ஜூன் 30, திங்கள்

காற்று விழுந்துவிட்டது. சரியான அவியல் வெக்கை.

மிஸி ஒன்பதரைக்கு வந்தா. நான் மாமரத்துக்குக் கீழே நின்றேன். தராசு விறாந்தையில். வதனி ஏறினாள். மிஸி குனிந்து பார்த்தா, இறங்கச் சொல்லித் திரும்ப ஏற்றினா.

"நாப்பத்திநாலு, இருநூறு" என்று மாமி எனக்குக் கேட்கக் கத்தினா.

பதின்மூன்றாம் கிழமை. மரத்தைப் பிடித்துக்கொண்டு அழுதேன். எல்லாரும் பார்க்கத்தான்.

"என்ன மாத்தினனியள்?" என்று மிஸி கேட்டா. "நல்லாய் வேலை செய்திருக்கு. அதையே விடாமல் செய்யுங்கோ."

வதனி வாயைப் பொத்திச் சிரித்தாள், மூச்சுப் பிடிக்காத சிரிப்பு. மாமி மரத்தடியைக் கையால் காட்டினா. மிஸிக்கு விளங்க ஒரு நிமிடம் சென்றது. பிறகு அவவும் சிரித்தா.

"எவ்வளவு நாளைக்கு மிஸி?" என்று இங்கிருந்தே கேட்டேன்.

"சிலருக்கு அடுத்த மாசத்தோடை போகும் தம்பி. சிலருக்குப் பிள்ளை பிறக்குமட்டும் இருக்கும்."

நெல்லியடிக்குப் போக வேண்டும். பில்டர் தண்ணீர் இரண்டு கான், துவாய் ஆறு. கொட்டிலில் இரவிரவாக நுளம்புக் கடி, அதற்கு ஒரு வலை, ஓராள் படுக்கிற அளவு.